தடுப்பூசி ஆய்வுக்கு ரத்தம் எடுக்கும் முன் தெரிந்திருக்க வேண்டியவை

ஃப்ளூ தடுப்பூசி போட்டுக்கொண்டவர்களின் உடலில் நோயெதிர்ப்பு எப்படி எழுகிறது, எவ்வளவு நாள் நிற்கிறது என்று பார்க்கும் ஆய்வு ஒன்று சென்னையில் பாதி வழியில் என் கைக்கு வந்தது. தொடங்கியவர்கள் வேறு வேலைக்குப் போய்விட்டார்கள். ஃப்ரீசரில் மாதிரிகள் இருந்தன, அலமாரியில் ஒரு செயல்முறைக் கோப்பு இருந்தது, கேட்பதற்கு ஆள் இல்லை. ஆய்வுக் கட்டுரைகளைப் புரட்டினால் ‘ரத்தத்திலிருந்து வெள்ளணுக்கள் பிரிக்கப்பட்டு உறைய வைக்கப்பட்டன’ என்று ஒரே வரியில் முடித்திருப்பார்கள். அந்த ஒரு வரிக்குள் எத்தனை இடத்தில் கால் வழுக்கும் என்பதை யாரும் எழுதுவதில்லை. பணமும் ஒரு முழு ஃப்ளூ பருவமும் அதில்தான் போயின. சுவாசத் தொற்று, தடுப்பூசி, நோயெதிர்ப்பு என்று ஆய்வுக்குள் நுழையும் பிள்ளைகளுக்காக, வேலை நடக்கும் வரிசையிலேயே எழுதுகிறேன்.

முதலில் நாள்கணக்கு. ஊசி போடுவதற்கு முன் எடுக்கும் ரத்தம்தான் ‘நாள் 0’. இதை விட்டால் திரும்பக் கிடைக்காது. ஃப்ளூ வைரஸை வாழ்நாளில் ஒருமுறையாவது சந்திக்காத பெரியவர் கிட்டத்தட்ட இல்லை. அதனால் ஊசிக்கு முன்பே எல்லாருக்கும் ஏதோ ஒரு அளவு ஆன்டிபாடி இருக்கும். ஊசிக்குப் பின் 1:160 என்று ஒரு எண் வந்தால் (சீரத்தை 160 மடங்கு நீர்த்த பிறகும் ஆன்டிபாடியின் வினை தெரிகிறது என்று பொருள்), அது 1:10 இலிருந்து ஏறியதா, முன்பே 1:160 ஆக இருந்ததா என்பது நாள் 0 இல்லாமல் தெரியவே தெரியாது. இரண்டாவது முக்கியமான நாள் 7. தடுப்பூசிக்கு எதிர்வினையாக ஆன்டிபாடியைக் கொட்டும் பிளாஸ்மாபிளாஸ்ட் செல்கள் ரத்தத்தில் ஏழாம் நாளை ஒட்டி உச்சத்துக்கு வந்து, பதினான்காம் நாளுக்குள் ஏறக்குறைய மறைந்துவிடும். அட்லாண்டாவில் எமரி பல்கலைக்கழகத்தின் ரஃபி அகமது குழுவினர் 2008 இல் இதைத் தெளிவாகக் காட்டினார்கள். ஏழாம் நாள் ஞாயிற்றுக்கிழமையாக விழுந்தால் ‘திங்கள் வாருங்கள்’ என்று சொல்லிவிடக் கூடாது. எட்டாம், ஒன்பதாம் நாள் எடுத்த மாதிரியை ஏழோடு ஒப்பிட முடியாது. எனவே ஊசி போடும் கிழமையையே, அதிலிருந்து ஏழாவது நாள் வேலைநாளாக வரும்படி முன்கூட்டித் தேர்ந்தெடுங்கள். தீபாவளி, ஆயுத பூஜை, அரசு விடுமுறைப் பட்டியல் எல்லாவற்றையும் எடுத்து வைத்துக்கொண்டு நாள் குறியுங்கள். இந்தச் செல்களை உறைய வைத்துப் பிறகு எலிஸ்பாட்டில் (ஒவ்வொரு செல்லும் சுரப்பதைப் புள்ளியாகக் காட்டும் சோதனை) எண்ணலாம் என்று நினைக்காதீர்கள். உருக்கும்போது பெரும்பகுதி சோர்ந்துவிடும், அன்றே செய்தாக வேண்டும். மூன்றாவது, நாள் 28. ஆன்டிபாடி அளவு உச்சத்தை ஒட்டியிருக்கும் சமயம் அது, மூன்று நான்கு நாள் முன்பின் ஆனாலும் பெரிய சேதமில்லை.

பருவத்தையும் பாருங்கள். இந்தியாவின் பெரும்பகுதியில் ஃப்ளூ தென்மேற்குப் பருவமழையோடு ஜூலை முதல் செப்டம்பர் வரை ஏறும். சென்னை, வேலூர் பக்கம் வடகிழக்குப் பருவமழையோடு அக்டோபர், நவம்பரில் ஏறும். காஷ்மீரில் குளிர்காலத்தில். செப்டம்பர் கடைசியில் இங்கே ஊசி போடத் தொடங்கினால், நாள் 28 வருவதற்குள் ஊரில் வைரஸ் சுற்ற ஆரம்பித்திருக்கும். ஏறிய ஆன்டிபாடி ஊசியால் வந்ததா, தொற்றால் வந்ததா என்று பிரிக்க வழியில்லாமல் போகும். எங்கள் மாதிரிகளில் ஒரு கொத்து அப்படித்தான் பயனற்றுப் போனது, அடுத்த ஆண்டு வரை காத்திருக்க வேண்டி வந்தது. அந்த ஆண்டு முழுக்க மனசு கசந்துதான் இருந்தது. பங்கேற்பவரிடம் முதல் சந்திப்பிலேயே கேட்க வேண்டியவை: பிறந்த ஆண்டு, கடந்த மூன்று ஆண்டுகளில் ஃப்ளூ ஊசி போட்டாரா, கடைசி ஒரு மாதத்தில் காய்ச்சல் வந்ததா, ஸ்டீராய்டு மாத்திரை சாப்பிடுகிறாரா. ஊசியின் பெயர், தொகுதி எண், எந்த ஆண்டு எந்த அரைக்கோளத்துக்கான கலவை என்பதைப் பெட்டியைப் படம் எடுத்தே பதிவு செய்யுங்கள். உலக சுகாதார நிறுவனம் பிப்ரவரியில் ஒன்று, செப்டம்பரில் ஒன்று என ஆண்டுக்கு இரண்டு பரிந்துரை தருகிறது. ஊசிக்குள் எந்த வைரஸ் இருந்தது என்று தெரியாமல் எந்த ஆன்டிஜெனை வைத்துச் சோதிப்பது? ஃப்ளூவின் பி யமகாட்டா வகை 2020 மார்ச்சுக்குப் பிறகு உலகில் உறுதியாகக் காணப்படவில்லை. அதை ஊசியில் சேர்க்க இனித் தேவையில்லை என்று 2023 செப்டம்பரில் உலக சுகாதார நிறுவனமும் சொல்லிவிட்டது. பழைய கோப்பில் நான்கு வகைக்கும் பட்டியல் இருந்தால், அதற்குப் பணம் ஒதுக்கும் முன் யோசியுங்கள்.

இனி ரத்தம். செல்கள் வேண்டுமென்றால் ரத்தம் உறையாமல் தடுக்கும் சோடியம் ஹெப்பரின் குழாய், ஆன்டிபாடிக்குச் சீரம் (ரத்தம் உறைந்த பின் பிரியும் நீர்) குழாய். சீரத்துக்குப் பதில் ஈடிடிஏ (ரத்தம் உறையாமல் தடுக்கும் இன்னொரு பொருள்) பிளாஸ்மா போதுமே என்று யாராவது சொல்வார்கள், கேட்காதீர்கள். ஏன் என்று பிறகு வரும். ஹெப்பரின் ரத்தத்தை எக்காரணம் கொண்டும் ஐஸ் பெட்டியில் வைக்காதீர்கள். மருத்துவமனை ஊழியர்களுக்கு ரத்த மாதிரி என்றாலே ஐஸ் என்று கை பழகியிருக்கும். வெள்ளணுக்களைப் பிரிப்பதற்கு அதுதான் பகை. ஆனால் அறை வெப்பம் என்று கோப்பில் எழுதியிருப்பது 18 முதல் 22 டிகிரி. மே மாதம் தாம்பரத்திலிருந்து ஒரு வண்டியின் பின் பெட்டியில் மதிய வெயிலில் வரும் ரத்தம் அறை வெப்பத்தில் வந்ததாக ஆகாது. 22 டிகிரியில் ஒரு இரவு வைத்திருந்த தண்ணீர்ப் பைகளைத் தெர்மோகோல் பெட்டியில் சுற்றி அடுக்கி, நடுவில் குழாய்களை நிறுத்தி, ஒரு சின்ன வெப்பப் பதிவுக் கருவியையும் உள்ளே போட்டு அனுப்புங்கள். அந்தக் கருவி இல்லாமல் வரும் பெட்டியை நம்பி மூன்று மாத வேலையைக் கட்டாதீர்கள்.

நேரம் அதைவிட முக்கியம். ஊசி நரம்பிலிருந்து வெளியே வந்த நிமிடத்திலிருந்து எட்டு மணி நேரத்துக்குள் செல்கள் ஃப்ரீசருக்குப் போக வேண்டும். எச்ஐவி தடுப்பூசி ஆய்வுகளில் உலகம் முழுக்க நிலைத்துவிட்ட வரையறை இது. தாமதமானால் என்ன ஆகிறது? நியூட்ரோஃபில் போன்ற கிரானுலோசைட் செல்கள் குழாய்க்குள்ளேயே கிளர்ச்சியடைந்து எடை அடர்த்தி குறையும். அடியில் போய் விழ வேண்டியவை மேலே லிம்ஃபோசைட்டுகளோடு மிதக்கும். எண்ணிக்கை நன்றாக வரும், பார்ப்பதற்கு மகிழ்ச்சியாக இருக்கும். உறைய வைத்து உருக்கும்போது இந்தக் கிரானுலோசைட்டுகள் செத்து, டிஎன்ஏவைக் கொட்டி, எல்லாவற்றையும் கட்டியாக ஒட்ட வைக்கும். கூடவே டி செல்களின் வினையையும் அமுக்கிவிடும். மாலை முகாம்களில் எடுத்து மறுநாள் காலை பிரித்த மாதிரிகளில் எலிஸ்பாட் புள்ளிகள் பாதிக்கும் கீழே போனதற்கு இதுதான் காரணம் என்று கண்டுபிடிப்பதற்குள், தடுப்பூசியே வேலை செய்யவில்லையோ என்று கூட்டம் போட்டுப் பேச ஆரம்பித்துவிட்டார்கள். எனவே ரத்தம் எடுத்த நேரம், ஆய்வகத்தில் வாங்கிய நேரம், உறையப் போட்ட நேரம் மூன்றையும் ஒவ்வொரு குழாய்க்கும் எழுதுங்கள். பின்னால் ஒரு எண் விநோதமாக வந்தால் முதலில் புரட்ட வேண்டிய பக்கம் அதுதான்.

செல்களை அடர்த்தியை வைத்துப் பிரிக்கும் கரைசலான ஃபைக்காலின் அடர்த்தி ஒரு மில்லிலிட்டருக்கு 1.077 கிராம், அதுவும் 20 டிகிரியில். குளிர்பெட்டியிலிருந்து எடுத்த கையோடு ஊற்றினால் அடர்த்தி கூடி, அடியில் இறங்க வேண்டிய கிரானுலோசைட்டுகள் மேலேயே தங்கும். குறைந்தது இரண்டு மணி நேரம் முன்பே வெளியே எடுத்து, வெளிச்சம் படாமல் வையுங்கள். ரத்தத்தை அதே அளவு உப்புக் கரைசலோடு கலந்து, குழாயைச் சாய்த்து, ஃபைக்கால் மேல் சுவரோடு வழியவிட்டு அடுக்குங்கள். பிறகு சென்ட்ரிஃபியூஜில் 400 ஜி (புவியீர்ப்பைப் போல் 400 மடங்கு), 30 நிமிடம், 20 டிகிரி, பிரேக் இல்லாமல். பிரேக்கை அணைக்க மறந்தால் நிற்கும்போது அடுக்கு கலைந்துவிடும். பலபேர் பயன்படுத்தும் சென்ட்ரிஃபியூஜில் முந்தையவர் பிரேக்கைப் போட்டுவிட்டுப் போயிருப்பார். தொடங்கும் முன் திரையைப் பார்ப்பதைப் பழக்கமாக்குங்கள். எனக்கு வந்த கோப்பில் ஜி கணக்கே இல்லை, ‘1500 சுற்று’ என்று எழுதியிருந்தது. அது எந்த இயந்திரத்துக்கு? ரோட்டரின் ஆரம் 17 சென்டிமீட்டராக இருந்தால் 400 ஜிக்கு நிமிடத்துக்கு ஏறக்குறைய 1450 சுற்று வேண்டும். ஆரம் 10 சென்டிமீட்டர் என்றால் ஏறக்குறைய 1890. சுற்றின் வர்க்கத்தை ஆரத்தால் பெருக்கி 0.00001118 ஆல் பெருக்கினால் ஜி வரும். புது இயந்திரம் வாங்கியதும் பழைய எண்ணை அப்படியே அடித்துக்கொண்டே போன ஆய்வகங்கள் உண்டு. சுழற்றி முடித்ததும் நடுவில் வெண்ணெய்க் கோடு போலத் தெரியும் வளையத்தை மட்டும் எடுங்கள், கீழே இருக்கும் ஃபைக்காலைச் சேர்த்து உறிஞ்சாதீர்கள். கழுவும்போது இரண்டாம் சுற்றை 200 ஜியில் பத்து நிமிடம் மெதுவாக ஓட்டினால் பிளேட்லெட்டுகள் கரைசலோடு போய்விடும். ஒரு மில்லி ரத்தத்துக்கு சுமாராகப் பத்து இலட்சம் செல் கிடைத்தால் திருப்தி. முப்பது இலட்சம் கிடைத்தால் சந்தேகப்படுங்கள்.

உறைய வைப்பது மெதுவாக, உருக்குவது வேகமாக. இந்த ஒன்றைத் தலைகீழாகச் செய்தால் எல்லாம் போச்சு. 90 பங்கு கன்றுச் சீரமும், உறையும்போது செல்லைக் காக்கும் டிஎம்எஸ்ஓ 10 பங்கும் கலந்த கரைசலில், ஒரு குப்பிக்கு 50 இலட்சம் முதல் ஒரு கோடி செல் வரை போடலாம். டிஎம்எஸ்ஓ பட்ட பிறகு அறை வெப்பத்தில் செல்கள் விஷமேறியது போல வாடும், பத்து நிமிடத்துக்குள் உறைபெட்டிக்குள் போட்டு மைனஸ் 80க்கு அனுப்புங்கள். நிமிடத்துக்கு ஒரு டிகிரி இறங்குவதற்குத்தான் ஐசோபுரொப்பனால் நிரப்பிய அந்தப் பெட்டி. ஐந்து முறை பயன்படுத்தியதும் ஐசோபுரொப்பனாலை மாற்ற வேண்டும், ஏனென்றால் அது காற்றிலிருந்து நீரை இழுத்துக்கொண்டே இருக்கும். பெட்டியின் மேலேயே எத்தனையாவது முறை என்று கோடு போட்டு வையுங்கள். மறுநாள் அல்லது அதற்கடுத்த நாள் திரவ நைட்ரஜன் தொட்டியின் ஆவிப் பகுதிக்கு மாற்றிவிட வேண்டும். மைனஸ் 80 இல் மாதக்கணக்கில் வைத்தால் செல்கள் உயிரோடு இருப்பது போல் தெரிந்தாலும் வினை காட்டாது. மைனஸ் 130க்குக் கீழே போனால்தான் உள்ளே இருக்கும் அசைவு நிற்கும். நைட்ரஜன் கொண்டுவரும் நிறுவனங்கள் பொங்கல், தேர்தல், புயல் என்றால் வராது. தொட்டியின் மட்டத்தைத் திங்களும் வியாழனும் அளவுகோல் விட்டுப் பார்த்து எழுதும் பொறுப்பை ஒருவர் பெயருக்கு எழுதி ஒட்டுங்கள். எல்லாருடைய வேலை என்றால் யாருடைய வேலையும் இல்லை. ஒரே நபரின் குப்பிகளை ஒரே தொட்டியில் வைக்காதீர்கள், இரண்டாகப் பிரித்து வேறு தொட்டியில் வையுங்கள். ஒருவர் கை நீட்டி மூன்று தடவை ரத்தம் கொடுத்திருக்கிறார். அது நம் அலட்சியத்தில் உருகிப் போனது என்று அவரிடம் எந்த முகத்தோடு சொல்வது?

உருக்கும்போது 37 டிகிரி நீர்த்தொட்டியில் ஆட்டி, கடுகளவு பனி மிச்சமிருக்கும்போதே எடுத்துவிடுங்கள். சூடாக்கி வைத்த பத்து மில்லி செல் வளர்ப்பு ஊடகத்தை முதல் ஒரு மில்லி மட்டும் சொட்டுச் சொட்டாக, பிறகு வேகமாகச் சேருங்கள். எடுத்த எடுப்பில் ஊற்றினால் செல்லுக்குள் இருக்கும் டிஎம்எஸ்ஓ வெளியே வருவதற்குள் நீர் உள்ளே பாய்ந்து செல் வெடிக்கும். கட்டி பிடித்தால் ஊடகத்தில், டிஎன்ஏவை அறுக்கும் பென்சோனேஸ் நொதி மில்லிக்கு 50 யூனிட் போதும்.

இப்போது பணத்தையும் தூக்கத்தையும் அதிகம் தின்ற இடம். ஃப்ளூ ஆன்டிபாடியை அளக்க உலகம் இன்னும் நம்பியிருப்பது, ஜார்ஜ் ஹர்ஸ்ட் 1941 இல் கண்ட இரத்தத் திரட்சியை வைத்துச் செய்யும் எச்ஏஐ சோதனையைத்தான். வைரஸ் சிவப்பணுக்களைப் பிடித்து வலை போல விரிக்கும். சீரத்தில் ஆன்டிபாடி இருந்தால் அந்தப் பிடி தடைபட்டு, சிவப்பணுக்கள் சோதனைப் பிளேட்டில் உள்ள குழியின் அடியில் பொட்டாக இறங்கும். எவ்வளவு நீர்த்தும் தடை நிற்கிறதோ அதுதான் அளவு. கேட்க எளிது. ஆனால் மனித சீரத்திலேயே சியாலிக் அமிலம் (ஃப்ளூ வைரஸ் ஒட்டிக்கொள்ளும் சர்க்கரை) ஏந்திய புரதங்கள் உண்டு. அவையும் வைரஸைப் பிடித்து ஆன்டிபாடி போலவே நடிக்கும். அவற்றை அழிக்கத்தான் காலரா கிருமியிலிருந்து எடுத்த ஆர்டிஇ நொதி. ஒரு பங்கு சீரத்துக்கு மூன்று பங்கு ஆர்டிஇ, 37 டிகிரியில் 18 முதல் 20 மணி நேரம், பிறகு 56 டிகிரியில் 30 நிமிடம், பிறகு ஆறு பங்கு உப்புக் கரைசல். மொத்தம் பத்துப் பங்காக, 1:10 இல் தொடங்கலாம். அந்த 56 டிகிரியைச் சுருக்கினால் மிஞ்சிய நொதி சிவப்பணுக்களின் மேல் இருக்கும் ஏற்பிகளையே மொட்டையடித்துவிடும், வைரஸ் பிடிக்க ஒன்றும் இருக்காது, எல்லாருக்கும் ஆன்டிபாடி இருப்பது போலத் தெரியும். இந்த நொதிக்குக் கால்சியம் வேண்டும். ஈடிடிஏ கால்சியத்தை உறிஞ்சிக்கொள்ளும் என்பதால்தான் ஈடிடிஏ பிளாஸ்மா வேண்டாம் என்றேன்.

எங்கள் எச்3என்2 (ஃப்ளூ ஏ வைரஸில் ஒரு வகை) பிளேட்டுகளில் நாள் 0 சீரங்கள் வரிசையாக 1:320, 1:640 என்று வந்தன. ஊசியே போடாதவர்களுக்கு இவ்வளவா? நாள் 28 இல் ஏற்றமே இல்லை. முதலில் பிறந்த எண்ணம் போன ஆண்டு ஊர் முழுக்க ஃப்ளூ வந்து போயிருக்கும் என்பதுதான், அதற்கு ஆதரவாகப் பேசவும் ஆட்கள் இருந்தார்கள். எனக்கு நெஞ்சு ஒப்பவில்லை. ஃப்ளூவே பார்த்திராத விலங்கின் சீரத்தை அதே பிளேட்டில் ஓட்டியபோது அதுவும் உயர்ந்த அளவைக் காட்டியது. அங்கே உடைந்தது முடிச்சு. இறக்குமதி ஆன ஆர்டிஇ பெட்டி வழியில் குளிர்ச்சி இல்லாமல் நின்றிருக்கிறது, நொதி பாதி செத்திருக்கிறது. பெட்டிக்குள் வெப்பப் பதிவு இல்லாததால் யாரிடமும் ஈடு கேட்க முடியவில்லை. நொதிக்கும் சுங்கத்துக்கும் ஐந்து இலக்கத் தொகை போனது. அதைவிட வலித்தது, திரும்பக் கிடைக்காத நாள் 0 சீரத்தில் கணிசமான பங்கு வீணானது. மாற்றுப் பெட்டி வரும் வரை அந்த அறைக்குள் போகவே பிடிக்கவில்லை. உங்களுக்கு நான் சொல்வது: புதிய ஆர்டிஇ தொகுதி வந்ததும் மனித மாதிரியைத் தொடும் முன், எதிர்மறையாக வர வேண்டும் என்று தெரிந்த ஒரு சீரமும் நேர்மறையான ஒரு சீரமும் வைத்து ஒரு பிளேட் ஓட்டுங்கள். எதிர்மறைச் சீரம் 1:10க்குக் கீழே வந்தால் மட்டுமே மேலே போங்கள். சீரத்தை ஆரம்பத்திலேயே 200 மைக்ரோலிட்டர் பங்குகளாகப் பிரித்து உறைய வையுங்கள். ஒரு பங்கு போனாலும் மற்றவை உறைந்து உருகாமல் இருக்கும். இறக்குமதிச் சரக்குக்கு ஆர்டர் போடும்போதே வெப்பப் பதிவுக் கருவி கட்டாயம் என்று எழுத்தில் கேளுங்கள், வெள்ளிக்கிழமை வந்திறங்கும்படி விடாதீர்கள். ஆறு முதல் எட்டு வாரம் ஆகும் என்று வைத்தே திட்டம் போடுங்கள்.

சிவப்பணுவிலும் கவனம். கோழி, வான்கோழி என்றால் 0.5 சதவீதம், வி வடிவக் குழி, 30 நிமிடம். பிளேட்டைச் சாய்த்தால் பொட்டு கண்ணீர்த் துளி போல் வழிய வேண்டும். கினிப்பன்றி என்றால் 0.75 சதவீதம், யு வடிவக் குழி, ஒரு மணி நேரம், இங்கே வளையமாகத் தெரியும். இப்போது சுற்றும் எச்3என்2 வைரஸ்கள் கோழிச் சிவப்பணுவைச் சரியாகப் பிடிப்பதில்லை, அதற்குக் கினிப்பன்றிதான். அதிலும் ஒரு சிக்கல் இருக்கிறது. சில எச்3என்2 வகைகளில் வைரஸின் இன்னொரு புரதமான நியூராமினிடேஸே சிவப்பணுவைப் பிடித்துக்கொள்ளும், அப்போது நாம் அளக்க நினைத்ததே மாறிவிடும். 20 நானோமோலார் ஓசல்டாமிவிர் கார்பாக்சிலேட் (ஃப்ளூ மருந்தின் செயல்படும் வடிவம்) சேர்த்தால் அந்தப் பிடி நீங்கும். மருந்துக் கடையில் கிடைக்கும் மருந்தை எடுத்துக் கரைத்தால் வேலைக்கு ஆகாது. அதில் இருப்பது ஓசல்டாமிவிர் பாஸ்பேட், உடலுக்குள் போய்த்தான் செயல்படும் வடிவத்துக்கு மாறும், குழியில் மாறாது. வைரஸ் அளவு 25 மைக்ரோலிட்டருக்குச் சரியாக 4 திரட்சி அலகு. ஒவ்வொரு நாளும் அந்த வைரஸையே குழிக்குக் குழி பாதியாக நீர்த்து மறு அளவீடு செய்து, 50 மைக்ரோலிட்டரில் தொடங்கினால் முதல் நான்கு குழிகள் மட்டும் திரள வேண்டும். ஐந்து திரண்டால் வைரஸ் கூடுதல், உங்கள் அளவுகள் எல்லாம் பாதியாக விழும். மூன்று என்றால் இரட்டிப்பாக ஏறும். ஒருவரின் நாள் 0, நாள் 28 இரண்டையும் ஒரே நாளில் ஒரே பிளேட்டில் ஓட்டினால் இந்தச் சறுக்கல் இரண்டையும் ஒருபோலப் பாதிக்கும். தனித்தனி நாளில் ஓட்டிய நான்கு மடங்கு ஏற்றத்தை நான் நம்ப மாட்டேன். வைரஸ் இல்லாமல் சீரமும் சிவப்பணுவும் மட்டும் போட்ட ஒரு குழியும் ஒவ்வொருவருக்கும் வேண்டும். அதில் திரண்டால், இருபது பங்கு சீரத்துக்கு ஒரு பங்கு கெட்டிச் சிவப்பணு சேர்த்து நான்கு டிகிரியில் ஒரு மணி நேரம் வைத்து உறிஞ்சி எடுங்கள்.

டி செல்களுக்கான எலிஸ்பாட் பற்றிச் சுருக்கமாக. பிளேட்டின் அடியில் இருக்கும் மெல்லிய சவ்வை 35 சதவீத எத்தனால் 15 மைக்ரோலிட்டர் விட்டு ஒரு நிமிடத்துக்குள் நனைத்து, ஐந்து முறை நீரால் கழுவுங்கள். நேரம் கூடினால் சவ்வு கசியும். குழிக்கு இரண்டரை இலட்சம் செல், மூன்று குழி ஒரே மாதிரி. ஊடகம் மட்டும் போட்ட குழி, டி செல்களைப் பொதுவாகத் தூண்டும் பிஎச்ஏ போட்ட குழி இரண்டும் இல்லாமல் எந்த எண்ணுக்கும் பொருளில்லை. செல்களைத் தூண்டப் போடும் பெப்டைடு (வைரஸ் புரதத் துண்டு) கலவையில் டிஎம்எஸ்ஓ 0.5 சதவீதத்தைத் தாண்டக் கூடாது, எதிர்மறைக் குழியிலும் அதே அளவு டிஎம்எஸ்ஓ இருக்க வேண்டும். உருக்கிய செல்களை ஒரு இரவு ஓய்வெடுக்கவிட்டு, செத்தவற்றைக் கழித்து மறுபடி எண்ணிப் போட்டால் பின்னணி குறையும். இன்குபேட்டருக்குள் பிளேட்டுகளை ஒன்றன் மேல் ஒன்றாக அடுக்காதீர்கள், நடுவில் இருப்பது தாமதமாகச் சூடாகி ஓரக் குழிகளில் மட்டும் புள்ளி குவியும். 18 முதல் 20 மணி நேரம் கதவைத் திறக்காதீர்கள், தட்டை நகர்த்தாதீர்கள். நகர்ந்தால் ஒவ்வொரு புள்ளியும் வால் நீண்டு, எண்ணும் கருவி இரண்டாகக் கணக்கிடும். மின்தடை அடிக்கடி வரும் கட்டிடமென்றால் இன்குபேட்டரைத் தனி யுபிஎஸ்ஸில் இணைக்கும் செலவு, ஒரு கிட்டின் விலையோடு ஒப்பிட்டால் ஒன்றுமே இல்லை.

மூக்கிலிருந்து ஐஜிஏ (சளிச்சவ்வில் சுரக்கும் வகை) ஆன்டிபாடி அளக்க நினைப்பவர்கள் உப்புநீர் விட்டுக் கழுவி எடுத்தால், ஒவ்வொருவரிடமும் நீர்த்த அளவு வேறு வேறாக இருக்கும். உறிஞ்சும் பட்டையை மூக்கில் ஓரிரு நிமிடம் வைத்து எடுப்பது சீராக வரும். எப்படி எடுத்தாலும் மொத்த ஐஜிஏவையும் அளந்து, வைரஸுக்கான பங்கை அதன் விகிதமாகச் சொல்லுங்கள்.

கடைசியாகக் கையில் கிடைக்கும் எண். 1:40 என்றால் பாதுகாப்பு என்று எங்கும் எழுதியிருப்பார்கள். அது ஹாப்சனும் சகாக்களும் 1972 இல் தன்னார்வலர்களை வைத்துக் கண்டது, பெரியவர்களில் ஏறக்குறைய பாதிப் பேருக்குத் தொற்றுத் தடை கிடைக்கும் அளவு. பாதிப் பேருக்குத்தான். குழந்தைகளில் அதே பாதிக்கு 1:110 வரை வேண்டும் என்று 2011 இல் வந்த ஆய்வு காட்டியது. எனவே ‘இத்தனை சதவீதம் பேர் பாதுகாப்பாக இருக்கிறார்கள்’ என்று 1:40ஐ வைத்து எழுதச் சொன்னால் மறுத்துவிடுங்கள். பிறந்த ஆண்டை ஏன் கேட்கச் சொன்னேன் என்றால், சிறுவயதில் முதலில் சந்தித்த ஃப்ளூவின் முத்திரை வாழ்நாள் முழுக்க நிற்கும். அமெரிக்க ஃப்ளூ ஆய்வாளர் தாமஸ் ஃபிரான்சிஸ் 1960 இல் இதை எழுதினார். 2016 இல் பறவைக் காய்ச்சல் நோயாளிகளின் பிறந்த ஆண்டை ஆராய்ந்தவர்கள், 1968க்கு முன் பிறந்தோருக்கு எச்5என்1 இலிருந்தும் பின் பிறந்தோருக்கு எச்7என்9 இலிருந்தும் காப்பு இருப்பதைக் கண்டார்கள். வயதை ஐந்தைந்தாகத் தொகுத்து வைத்தால் இந்த மாதிரி எதுவும் உங்கள் தரவில் தெரியாது.

ஆன்டிபாடி கூடினால் நல்லது என்ற நம்பிக்கையையே 1966–67 குளிர்காலத்தில் வாஷிங்டனில் நடந்த ஆர்எஸ்வி (குழந்தைகளின் நுரையீரலைத் தாக்கும் சுவாச வைரஸ்) தடுப்பூசிச் சோதனை உடைத்துப் போட்டது. ஃபார்மலின் விட்டுச் செயலிழக்க வைத்த அந்த ஊசி போட்ட 31 குழந்தைகளில் 20 பேருக்குத் தொற்று வந்தது, அதில் 16 பேர் மருத்துவமனைக்குப் போனார்கள், இருவர் இறந்தார்கள். அவர்கள் சீரத்தில் வைரஸை ஒட்டும் ஆன்டிபாடி நிறையவே இருந்தது, முடக்கும் ஆன்டிபாடிதான் குறைவு. வைரஸின் எஃப் புரதம் செல்லில் நுழையும் முன் ஒரு வடிவம், நுழைந்த பின் இன்னொரு வடிவம் என்று இருக்கிறது. நுழையும் முன் உள்ள வடிவம் 2013 இல் தெளிவான பிறகுதான் 2023 இல் முதியோருக்கான ஆர்எஸ்வி ஊசிகள் வந்தன. நம் பக்கத்திலேயே செங்கல்பட்டில் 1968 இல் தொடங்கிய பிசிஜி சோதனை இருக்கிறது. ஊசிக்குப் பிறகு தோல் சோதனையில் நல்ல வினை தெரிந்தது. 15 ஆண்டுகள் பின்தொடர்ந்து 1999 இல் வெளியான முடிவோ, பெரியவர்களின் நுரையீரல் காசநோயைப் பிசிஜி தடுக்கவில்லை என்றது. ஆகவே எலிசா சோதனையில் வைரஸை ஒட்டும் ஆன்டிபாடியை மட்டும் அளந்து நிறுத்தாதீர்கள். ஒரு பகுதி மாதிரியிலாவது முடக்கும் சோதனை செய்யுங்கள். கோவிட் மாதிரி என்றால் 2020 டிசம்பரில் வந்த பன்னாட்டுத் தரச் சீரத்தை உங்கள் பிளேட்டிலும் ஓட்டி, அந்த அலகிலேயே முடிவைத் தாருங்கள். சொந்த அலகில் எழுதிய எண்ணை அடுத்த ஆய்வகத்தோடு ஒப்பிட முடியாது.

பாதியில் ஒரு ஆய்வை ஏற்றுக்கொள்ளச் சொன்னால், சரி என்று சொல்லும் முன் நான்கு பொருள்களைக் கேட்டு வாங்குங்கள்: ஒவ்வொரு குப்பியும் உறைந்த தேதியும் எடுத்தது முதல் ஆன மணி நேரமும் உள்ள பட்டியல், ஒவ்வொரு பெட்டிக்குமான வெப்பப் பதிவு, பழைய எச்ஏஐ பிளேட்டுகளின் மறு அளவீட்டுப் புகைப்படங்கள், பங்கேற்பவர்கள் கையெழுத்திட்ட ஒப்புதலில் மாதிரியை எத்தனை ஆண்டு, எதற்கு வைத்திருக்கலாம் என்று எழுதியிருக்கும் பக்கம். இவற்றில் எது இல்லையென்றாலும் அதை எழுத்தில் மேலே தெரிவித்து, ஐந்து குப்பிகளை மட்டும் முதலில் உருக்கிப் பாருங்கள். உயிரோடு இருப்பவை 80 சதவீதத்துக்குக் கீழே போனால் மீதியைத் தொடாமல், எந்த முகாமின் குப்பிகள் என்று தேதிவாரியாகப் பிரித்து, ஒவ்வொரு முகாமிலிருந்தும் ஒன்றாக எடுத்துச் சோதியுங்கள்.